இரவு மின்சாரத்தில் ஒரு வாடகை வீடு: கிழக்கு லண்டன் பிளாற் ஒன்றின் வெப்பச் செலவு, 2024–25 குளிர்காலம்

பின்னணி

கிழக்கு லண்டனில் 1980களில் கட்டப்பட்ட தொடர்மாடி ஒன்றின் முதலாம் மாடி வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு இருக்கையறை, குசினி, குளியலறை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 55 சதுர மீற்றர். கட்டடத்துக்கு எரிவாயு இணைப்பு இல்லை. சமையலும் சுடுநீரும் வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரத்தில்தான். யன்னல்கள் அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி.

2024 ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் இங்கே வாடகைக்கு வந்தது. கணவர், மனைவி, மூன்று வயதுப் பிள்ளை, கணவரின் 68 வயதுத் தாய். கணவருக்கு இரவு வேலை. காலை ஏழரைக்கு வீடு வந்து பிற்பகல் இரண்டு மணி வரை நித்திரை கொள்வார். மற்ற மூவரும் பெரும்பாலும் நாள் முழுக்க வீட்டில். ஆகவே "ஆள் இல்லாத நேரம் ஹீற்றரை நிறுத்துங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது.

வீட்டில் இருந்த வெப்பச் சாதனங்கள்: இருக்கையறையில் 3.4 கிலோவாற் ஸ்ரோறேஜ் ஹீற்றர், பெரிய படுக்கையறையில் 2.55 கிலோவாற், நடைபாதையில் 1.7 கிலோவாற். தாயார் படுக்கும் சின்ன அறையில் சுவரில் பூட்டிய 1 கிலோவாற் சாதாரண ஹீற்றர். சுடுநீருக்கு 120 லீற்றர் தொட்டி. அதன் அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு 3 கிலோவாற் இமேர்ஷன் எலிமென்ற் (நீருக்குள் நின்று அதைச் சூடாக்கும் மின்கம்பி).

மின்சார ஒப்பந்தம் எக்கொனமி 7. பிரித்தானியாவில் 1978 முதல் இருக்கும் முறை இது: இரவில் ஏழு மணித்தியாலம் மலிவு விலை, மீதி பதினேழு மணித்தியாலம் சாதாரண ஒற்றை விலையை விடக் கூடிய விலை. இந்த வீட்டில் மலிவு நேரம் 00:30 முதல் 07:30 வரை. விலையை முழு எண்ணாக்கிச் சொன்னால் பகல் அலகு (ஒரு கிலோவாற் மணித்தியாலம்) 30 பென்ஸ், இரவு அலகு 15 பென்ஸ். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த விலையில், நாளாந்த நிலைக்கட்டணம் சேர்க்காமல்.

ஸ்ரோறேஜ் ஹீற்றருக்குள் இருப்பது பாரமான வெப்பக் கற்கள். இரவு மலிவு நேரத்தில் மட்டும் அதற்கு மின்சாரம் வரும்; கல் சூடேறி, மறுநாள் முழுக்க அந்தச் சூட்டை விடும். 0.85 கிலோவாற் எலிமென்றுகளை இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கியே இந்த ஹீற்றர்களைச் செய்கிறார்கள். ஏழு மணித்தியாலத்தில் 1.7 கிலோவாற் ஹீற்றர் கூடியது 11.9 அலகும், 2.55 கிலோவாற் 17.85 அலகும், 3.4 கிலோவாற் 23.8 அலகும் எடுக்கும். கூட எடுக்க அதற்கு வழியே இல்லை.

நவம்பரில் நடந்தது

குடிவந்த புதிதில் மூன்று ஸ்ரோறேஜ் ஹீற்றரையும் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குமிழ்: இன்புற், அவுட்புற். எது எதற்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கையேடும் இல்லை. குளிருக்கு இரண்டையும் 6இல் திருப்பி விட்டார்கள். காலையில் வீடு வெந்தது, பின்னேரம் நாலு மணிக்கு ஹீற்றர் ஆறிப்போயிற்று. இரவுக்கு வேறு ஹீற்றர் தேவைப்பட்டது. மேல்மாடியில் இருக்கும் தமிழ்ப் பெண் மனைவியிடம் சொன்னது: "அது கரண்டைத் தின்னும் அக்கா, போடாதேங்கோ. ஒயில் ஹீற்றர் வாங்குங்கோ."

நவம்பர் நடுவில் மூன்றையும் சுவர்ச் சுவிற்சில் நிறுத்திவிட்டு, 2 கிலோவாற் ஒயில் ஹீற்றர் இரண்டும் ஒரு சின்ன விசிறி ஹீற்றரும் வாங்கினார்கள். அந்த மாத மின்கட்டணப் பட்டியல் 330 பவுணைத் தாண்டியது. அதன்பிறகே, டிசம்பர் முதல் கிழமையில், ஆலோசனை கேட்டார்கள்.

டிசம்பரில் கண்டவை

முதலில் கண்ணில் பட்டது செலவு அல்ல, ஆபத்து. இருக்கையறையில் நாலு துளை நீட்டுக் கம்பி ஒன்றில் 2 கிலோவாற் ஒயில் ஹீற்றரும் 3 கிலோவாற் கேத்திலும் சேர்த்துச் சொருகியிருந்தது. 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3 கிலோவாற். சேர்ந்து ஓடினால் 5. பிளக்கின் ஒரு பக்கம் மண்ணிறமாகக் கருகியிருந்தது. பியூஸ் உடனே எரியாது; சற்றுக் கூடிய சுமையைக் கன நேரம் தாங்கும், அதற்குள் தளர்ந்த தொடுப்பு சூடேறிவிடும். அந்தக் கம்பி அன்றே குப்பைக்குப் போனது. ஹீற்றர் எதுவானாலும் நேரே சுவர்ச் சொக்கற்றில் மட்டும்.

காலை எட்டு மணிக்கு இருக்கையறை 16 பாகை, தாயாரின் அறை 15. முதியவரும் சிறு பிள்ளையும் உள்ள வீடு 18 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் சொல்வது. ஈரப்பதன் 76 வீதம். அலுமாரிக்குப் பின் சுவரில் பூஞ்சணம் தொடங்கியிருந்தது. கரண்ட் மிச்சம் பிடிக்க என்று குசினி, குளியலறை வெளியேற்று விசிறிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தினமும் சோறு வடிப்பு, இடியப்பம் அவிப்பு, வீட்டுக்குள் உடுப்புக் காயவைப்பு. அத்தனை ஈரமும் வெளியேற வழியில்லை. இந்த விசிறி 20 வாற் அளவு. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினாலும் ஒன்றேகால் பென்ஸ்தான்.

சுடுநீர்த் தொட்டியின் அலுமாரியில் இரண்டு சுவிற்ச். கீழ் எலிமென்றுக்கான இரவுச் சுவிற்ச் நிறுத்தியிருந்தது. மேல் எலிமென்றின் பூஸ்ற் சுவிற்ச் குடிவந்த நாள் முதல் போட்டபடி. அதாவது தொட்டியின் மேற்பகுதி நாள் முழுக்க, யாராவது சுடுநீர் திறக்கும் ஒவ்வொரு முறையும், 30 பென்ஸ் விலையில் சூடாகிக்கொண்டிருந்தது.

பிறகு மீற்றர். 2 டிசம்பர் முதல் 9 டிசம்பர் வரை ஏழு நாள் வாசிப்பு: பகல் 231 அலகு, இரவு 63 அலகு, மொத்தம் 294. செலவு 69.30 + 9.45 = 78.75 பவுண். நாளுக்கு 11.25. மொத்தத்தில் இரவின் பங்கு 21 வீதம் மட்டும்.

மீற்றரில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி எண்பதிவு உண்டு. எந்தப் பதிவு பகல், எந்தப் பதிவு இரவு என்பதை மீற்றரின் எழுத்தை நம்பி முடிவெடுக்கவில்லை. படுக்கப் போகமுன் 23:00க்கு இரண்டையும் படமெடுத்து, காலை 07:00க்கு மறுபடி எடுத்தார்கள். அந்த இடைவெளியில் கூடுதலாக ஏறிய பதிவுதான் இரவு. மின்சார நிறுவனத்தின் பட்டியலில் அதே எண் இரவு விலையில் பெருக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒப்பிட்டார்கள். இங்கே சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டு பதிவும் கணக்கில் மாறிக் கிடக்கும் வீடுகள் உண்டு. அப்படியான வீட்டில் இரவுக்கு மாறினால் பட்டியல் ஏறும், குறையாது. எனவே எந்தக் குமிழையும் தொடமுன் இந்தச் சோதனையை முடிப்பது கட்டாயம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் கேள்வி, எக்கொனமி 7ஐ விட்டு ஒற்றை விலைக்கு மாறுவதா என்பது. ஒற்றை விலை அப்போது அலகுக்கு ஏறத்தாழ 25 பென்ஸ். பகல் 30, இரவு 15 என்றால் மொத்தப் பாவனையில் மூன்றில் ஒரு பங்கு இரவில் விழும்போது இரண்டும் சமன். அதற்குக் கீழே ஒற்றை விலை மலிவு, அதற்கு மேலே எக்கொனமி 7 மலிவு. டிசம்பர் நிலையில் 21 வீதம், ஆகவே ஒற்றை விலையில் 73.50 பவுண், ஐந்து பவுண் லாபம். உறவினர் ஒருவர் இதையே சொல்லியிருந்தார், கணக்கும் பிழையில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே மூன்று ஸ்ரோறேஜ் ஹீற்றரும் காப்பிட்ட சுடுநீர்த் தொட்டியும் இருக்கின்றன. பாவனையை இரவுக்குத் தள்ள முடிந்தால் லாபம் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே ஒப்பந்தத்தைத் தொடவில்லை.

இரண்டாவது, புதிய ஹீற்றர் எதுவும் வாங்குவதில்லை. ஒயில், விசிறி, பனல், செராமிக் எல்லாமே ஒரு அலகு மின்சாரத்தை ஒரு அலகு வெப்பமாகத்தான் தரும். "குறைந்த கரண்ட்" என்று விற்கும் ஹீற்றர் குறைந்த சூட்டையே தரும். இதை மீறுவது வெப்பப் பம்பி மட்டும். ஒரு அலகுக்கு மூன்று அலகளவு வெப்பம் தரக்கூடியது. வாடகை வீட்டில் வெளிச்சுவரில் இயந்திரம் பூட்டக் கட்டட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதால் அது இந்தக் குளிர்காலத்துக்கு உதவாது.

மூன்றாவது, சுடுநீரை முழுமையாக இரவுக்கு மாற்றுவது. 120 லீற்றரை 10 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 7 அலகு வேண்டும். 3 கிலோவாற் எலிமென்ற் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடத்தில் முடித்துவிடும். இரவில் 1.05 பவுண், பகலில் 2.10. தொட்டியின் சூட்டை 60இலிருந்து குறைத்துச் சேமிக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது. தேங்கிய இளஞ்சூட்டு நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

நாலாவது, குளிர்காற்று புகும் நீக்கல்களை அடைப்பது. ஆனால் காற்றோட்டத்துக்கென்று வைத்த துவாரங்களை விட்டுவிடுவது. பின்னால் சொல்லப்படுவதுபோல இது முதலில் சரியாக நடக்கவில்லை.

ஹீற்றரைச் சோதித்தது

நவம்பரில் இருக்கையறை நாலு மணிக்கே ஆறியதற்கு அவுட்புற் குமிழ் ஒரு காரணம். இன்புற் என்பது இரவில் எவ்வளவு சூட்டைச் சேர்ப்பது என்பது. அவுட்புற் என்பது ஹீற்றரின் உள்ளே உள்ள மூடியைத் திறப்பது. அது 6இல் நின்றால் கல் சூடேறும்போதே சூடு வெளியே போகும். எல்லோரும் போர்வைக்குள் இருக்கும் அதிகாலை நாலு மணிக்கு இருக்கையறை வெந்துகொண்டிருக்கும்.

ஆனால் அவுட்புற்றை 1இல் வைத்த பிறகும் இருக்கையறை ஹீற்றர் பின்னேரம் ஆறு மணிக்கு வெறும் இளஞ்சூடு. ஒரு இரவு மற்ற இரண்டு ஸ்ரோறேஜ் ஹீற்றரையும் இமேர்ஷனையும் நிறுத்தி, இருக்கையறை ஹீற்றரை மட்டும் இன்புற் 6இல் போட்டு, 00:45க்கும் 01:45க்கும் இரவுப் பதிவை வாசித்தார்கள். 3.4 கிலோவாற் ஹீற்றர் ஒரு மணித்தியாலத்தில் 3.4 அலகு ஏற்றியிருக்க வேண்டும். ஏறியது 1.8, அதில் 0.1 குளிர்சாதனப் பெட்டி. நாலு எலிமென்றில் இரண்டு வேலை செய்யவில்லை. ஏழு மணித்தியாலம் முழுக்க ஓடினாலும் 11.9 அலகுக்கு மேல் அதற்குள் போகாது. கடும் குளிர் நாளில் அந்த அறைக்கு அது காணாது.

இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஹீற்றரைக் கழற்றவும் வேண்டாம். கழற்றவும் கூடாது: கற்கள் பல மணித்தியாலம் கையைச் சுடும் சூட்டில் இருக்கும், பழைய வகைகள் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் காப்பும் உண்டு.

16 டிசம்பர் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் போனது. அதில் இருந்தவை மூன்றே விடயம்: ஹீற்றரின் தட்டில் எழுதியிருக்கும் கிலோவாற், மீற்றரின் இரு படங்கள் நேரத்தோடு, 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர் குத்தகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு. அறைகளையும் நீரையும் சூடாக்கும் சாதனங்களைத் திருத்தி வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்பது அந்தப் பிரிவு. "ஹீற்றர் சரியில்லை" என்று தொலைபேசியில் சொன்னதற்கு நவம்பரில் பதில் வரவில்லை. இந்த மின்னஞ்சலுக்கு இரண்டு நாளில் வந்தது. நத்தார் விடுமுறை கழித்து 9 ஜனவரி மின் தொழிலாளி வந்து இரண்டு எலிமென்றையும் மாற்றினார்.

புதிய உயர்ரக ஸ்ரோறேஜ் ஹீற்றர் கேட்டதை உரிமையாளர் மறுத்தார். வாடகை வீடு ஆற்றல் தரச் சான்றிதழில் குறைந்தது "ஈ" (E) தரத்தில் இருக்க வேண்டும் என்பதே இங்கிலாந்தின் சட்டம். இந்த வீடு சரியாக அந்தத் தரத்தில் இருந்தது, வற்புறுத்த வழியில்லை.

அன்றாட ஒழுங்கு

இருக்கையறை: படுக்கப் போகும்போது அவுட்புற் 1. பகலில் தாயாரும் பிள்ளையும் அங்கேதான், மூடியிருந்தாலும் ஹீற்றரின் உடம்பிலிருந்து கசியும் சூடு பிற்பகல் வரை போதும். நாலு மணிக்கு 3, ஆறரைக்குப் பிறகு 5.

பெரிய படுக்கையறை: இங்கே கணவரின் வேலை நேரம் அனுகூலமானது. ஸ்ரோறேஜ் ஹீற்றர் கூடிய சூட்டில் இருப்பது காலை ஏழரைக்கு. அவர் படுக்க வருவதும் அப்போதுதான். ஏழரைக்கு 3, அவர் எழும்பும் இரண்டு மணிக்கு 1.

நடைபாதை: எப்போதும் 1. மற்ற அறைகளின் கதவுக்கு வெளியே குளிர் நிற்காமல் பார்ப்பதே அதன் வேலை.

இன்புற் குமிழை மறுநாள் வானிலையைப் பார்த்து முதல் நாள் இரவு பத்து மணிக்கே வைக்க வேண்டும். இந்த வீட்டுக்குச் சரிவந்த அளவுகள், இருக்கையறை, படுக்கையறை, நடைபாதை என்ற வரிசையில்:

- பகல் உச்சம் 4 பாகையும் அதற்குக் கீழும்: 6, 4, 3
- 5 முதல் 9 பாகை: 4, 3, 2
- 10 முதல் 13 பாகை: 2, 2, நிறுத்தம்
- 14க்கு மேல்: மூன்றும் நிறுத்தம்

இவை எல்லா வீட்டுக்கும் பொருந்தா. வெளிச்சுவர் கூடிய வீட்டுக்கு ஒரு எண் கூடும், நடுவில் உள்ள வீட்டுக்குக் குறையும். பின்னேரம் ஐந்துக்கு ஹீற்றர் ஆறினால் இன்புற்றை ஒன்று கூட்டுவதும், படுக்கும்போது இன்னும் நல்ல சூடாக இருந்தால் ஒன்று குறைப்பதும்தான் வழி. ஒரே நாளில் இரண்டு குமிழையும் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும்.

தாயாரின் அறைக்கு ஸ்ரோறேஜ் ஹீற்றர் இல்லை. சுவர் ஹீற்றரைப் படுக்கமுன் ஒன்றரை மணித்தியாலம் நேரங்காட்டியில் போட்டு, மெத்தைக்கு மேல் விரிக்கும் மின்சார விரிப்பு ஒன்று வாங்கினார்கள். விரிப்பு 100 வாற்றுக்கும் குறைவு. முதல் இரவு கழித்துத் தாயார் மருமகளிடம் சொன்னது: "பிள்ளை, அறை குளிர்தான், ஆனால் படுக்கை குளிரேல்லை." அறைக் காற்றை இரவு முழுக்கச் சூடாக்க 1 கிலோவாற், ஆளைச் சூடாக்க அதில் பத்தில் ஒன்று. விரிப்பை மடித்து வைத்தால் உள்ளே கம்பி முறியும். உருட்டித்தான் வைக்க வேண்டும்.

சுடுநீருக்குக் கீழ் எலிமென்றின் இரவுச் சுவிற்ச் எப்போதும் போட்டபடி, பூஸ்ற் நிறுத்தியபடி. தொட்டியில் மெல்லிய நுரைக் காப்பே இருந்தது. 80 மிலிமீற்றர் மேலுறை ஒன்று 25 பவுணுக்கு வாங்கிக் கட்டினார்கள். இமேர்ஷனின் தலைமூடியையும் மின்கம்பியையும் மேலுறை மூடக்கூடாது, சூடேறும். தாயார் வாளியில் குளிப்பவர், பிள்ளைக்குச் சின்னத் தொட்டி. 120 லீற்றர் ஒரு நாளுக்குப் போதுமாகவே இருந்தது. பூஸ்ற் தேவைப்பட்டது ஜனவரி முழுக்க இரண்டு முறை.

உடுப்பு இயந்திரத்தை நடு இரவில் ஓட்டும் யோசனையைக் கைவிட்டார்கள். எல்லோரும் நித்திரையில் இருக்கும்போது அப்படியான இயந்திரம் ஓடுவதை லண்டன் தீயணைப்புப் படை விலக்குகிறது, கீழ்வீட்டாருக்கும் சத்தம். தாயார் ஆறு மணிக்கு எழும்புவார். அவர் ஆறேகாலுக்குப் போட்டால் ஏழரைக்குள் பெரும்பகுதி மின்சாரம் மலிவு விலையில் முடிந்துவிடும்.

பிசகியவை

யன்னலும் ஈரமும். ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் ஓரங்களில் பிடித்துப் பார்த்தார்கள். புகை வளையும் இடத்தில் நீக்கல். 2 முதல் 3 மிலிமீற்றர் நீக்கலுக்கு ஆங்கில E எழுத்து வடிவ ரப்பர் பட்டி, அதைவிடப் பெரியதற்கு P வடிவம். நுரைப் பட்டி மலிவு, ஆனால் ஒரு குளிர்காலத்தில் தட்டையாகிவிடும். இதுவரை சரி. அதே உற்சாகத்தில், ஆலோசனை கேட்காமல், யன்னல் சட்டத்தின் மேலுள்ள காற்றுத் துவாரங்களையும் நாடாவால் ஒட்டி, படுக்கையறை யன்னல் முழுவதும் சுருங்கு பிளாஸ்ரிக் தாளை ஒட்டி முடி உலர்த்தியால் இழுத்துவிட்டார்கள். எட்டு நாளில் தாளுக்கு உட்புறம் தண்ணீர் வடிந்தது. அலுமாரிக்குப் பின் பூஞ்சணம் இரண்டு மடங்கு. தாளைக் கழற்றி, துவாரங்களைத் திறந்து, அலுமாரியைச் சுவரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் நகர்த்தி, விசிறிகளைச் சமையலுக்குப் பின்னும் இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகே ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழ் வந்தது. ஈரமான காற்றும் ஈரச் சுவரும் உள்ள வீடு எவ்வளவு சூடாக்கினாலும் குளிர்வதாகவே படும்.

வாசல் கதவின் அடியில் தூரிகைப் பட்டி பூட்டவும் முயன்றார்கள், நிறுத்தப்பட்டது. தொடர்மாடியின் வீட்டு வாசல் கதவு தீ தாங்கும் கதவு. அதில் துளையிடுவது, சீவுவது எதுவும் வாடகைக்கு இருப்பவரின் வேலை அல்ல. துணியால் தைத்த மணல் உருளை ஒன்று அதே வேலையைச் செய்தது.

திரைச்சீலை. தடித்த திரைச்சீலை வாங்கியபோது அது இருக்கையறை ஹீற்றரின் மேல் தொங்கியது. ஹீற்றரின் மேல் எதுவும் படக்கூடாது, உடுப்பும் காயவைக்கக்கூடாது. சூடு உள்ளே அடைபட்டால் பாதுகாப்பு வெட்டி இயங்கி, ஹீற்றர் சூடேறுவதையே நிறுத்திவிடும். யன்னல் விளிம்புடன் நிற்குமாறு வெட்டித் தைத்தார்கள்.

மிதமான நாட்கள். பெப்ரவரி பிற்பகுதியில் வெளியே 13 பாகை வரை ஏறியபோது இன்புற் 4இலேயே இருந்தது. இரண்டு நாள் யன்னலைத் திறந்து வைத்துச் சூட்டை வெளியே விட்டார்கள். பழைய வகை ஸ்ரோறேஜ் ஹீற்றரின் பெரிய குறை இது: சூட்டை நேற்றிரவே வாங்கியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க முடியாது. 2018 முதல் விற்பனைக்கு வரும் புதியவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். அவை தேவையைத் தாமே கணித்துச் சேர்க்கும்.

விளைவு

எலிமென்ற் திருத்திய பின், 13 ஜனவரி முதல் 20 ஜனவரி வரை ஏழு நாள் வாசிப்பு: பகல் 63 அலகு, இரவு 224 அலகு, மொத்தம் 287. செலவு 18.90 + 33.60 = 52.50 பவுண். டிசம்பரின் 78.75இல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மொத்த அலகு 294இலிருந்து 287 ஆகத்தான் இறங்கியது. ஏழே அலகு. ஆனால் இருக்கையறை காலையில் 16 பாகையிலிருந்து 19.5க்கு ஏறியிருந்தது. அதே அளவு மின்சாரத்தில் அந்த மூன்றரைப் பாகை ஏற, ஒட்டிய ரப்பர் பட்டியும் தொட்டியின் மேலுறையும் நிறுத்திய வீண்செலவும், காலையில் கூடிய சூட்டில் இருக்கும் ஸ்ரோறேஜ் ஹீற்றரும் காரணமாகலாம். பணம் குறைந்தது வேறு காரணத்தால்: இரவின் பங்கு 21 வீதத்திலிருந்து 78 ஆனது. அதே 287 அலகை ஒற்றை விலையில் வாங்கியிருந்தால் 71.75 பவுண்.

கையிலிருந்து போன செலவு: மேலுறை 25, ரப்பர் பட்டி 18, ஈரப்பதன் மானி 9, மின்சார விரிப்பு 30, கழற்றி எறிந்த பிளாஸ்ரிக் தாள் 12, மொத்தம் 94 பவுண். நாலு கிழமையில் மீண்டுவிட்டது. நவம்பர் நிலுவைக்கு மின்சார நிறுவனம் மாதத் தவணை ஒழுங்கு செய்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையும் ஓய்வூதிய வயதினரும் உள்ள வீடு என்பதால் முன்னுரிமைச் சேவைப் பட்டியலிலும் பதிந்தார்கள். மின்தடையின்போது அது உதவும்.

மீற்றர் மாற்றம், மே 2025

இந்த வீட்டின் மீற்றருக்கு அருகில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டி றேடியோ ரெலிசுவிற்ச். பிபிசியின் 198 கிலோஹேர்ட்ஸ் நெடுஅலையோடு வரும் சமிக்ஞையே இரவில் மலிவு விலையைத் திறந்து மூடியது. அந்தச் சேவையை 30 ஜூன் 2025 முதல் படிப்படியாக நிறுத்துவதாக அறிவிப்பு வந்திருந்தது. சமிக்ஞை நின்றால் ஹீற்றர் ஓடாமலே கிடக்கலாம், அல்லது பகல் விலையிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். மே மாதம் ஸ்மார்ட் மீற்றர் பூட்டினார்கள்.

இப்படியான வீட்டுக்கு ஐந்து முனை உள்ள ஸ்மார்ட் மீற்றர் வேண்டும்; ஐந்தாவது முனைதான் ஸ்ரோறேஜ் ஹீற்றருக்கும் இரவுச் சுடுநீருக்குமான தனிப் பியூஸ் பெட்டிக்கு, அதாவது இரவுப் பியூஸ் பெட்டிக்கு, மின்சாரத்தை விடும். பதிவு செய்யும்போதே இரண்டு பியூஸ் பெட்டியையும் படமெடுத்து அனுப்பியதால் சரியான மீற்றரே வந்தது. ஆனாலும் மறுநாள் காலை சுடுநீர் இல்லை. வேலை முடித்தவர் இரவுப் பியூஸ் பெட்டியின் பிரதான சுவிற்சைப் போட மறந்திருந்தார். அதை மேலே தட்டியதும் சரியாயிற்று. கோடையில் நடந்ததால் குளிர்ந்த நீரோடு போனது. ஜனவரியில் என்றால் ஒரு நாள் முழுக்க வீடு குளிர்ந்திருக்கும்.

புதிய மீற்றரின் நேரமும் கிறீன்விச் நேரம்தான். கோடை நேரத்தில் மலிவு நேரம் 01:30 முதல் 08:30 வரை. உடுப்பு இயந்திரத்துக்கு இது நல்லது, ஏழேகாலுக்குப் போட்டாலும் போதும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எலிமென்ற் சோதனையை முதல் இரவிலேயே செய்திருக்க வேண்டும். அவுட்புற் குமிழே முழுக் காரணம் என்று எண்ணி ஒரு கிழமை போயிற்று. அந்த ஒரு கிழமை மின்னஞ்சலை நத்தாருக்கு நெருக்கமாகத் தள்ளியது. திருத்தும் வரை இருக்கையறையில் பின்னேரம் ஆறரை முதல் எட்டரை வரை ஒயில் ஹீற்றரை 1 கிலோவாற்றில் ஓட்ட வேண்டியிருந்தது: நாளுக்கு 60 பென்ஸ், மூன்றரைக் கிழமை.

நீக்கலை அடைக்கமுன் ஈரப்பதனை ஒரு கிழமை அளந்திருக்க வேண்டும். 9 பவுண் மானி முதலில் வந்திருந்தால் 12 பவுண் தாள் வாங்கப்பட்டிருக்காது. எதை ஒட்டலாம் என்று சொன்னதோடு எதை ஒட்டக்கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தவறு ஆலோசனை சொன்ன பக்கத்தது.

வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே ஸ்ரோறேஜ் ஹீற்றர்களின் தட்டையும் மீற்றரையும் படமெடுப்பது, குடிபுகும் நாளில் இரண்டு பதிவையும் வாசித்து நிறுவனத்துக்கு அனுப்புவது, ஒக்டோபரிலேயே ஒவ்வொரு ஹீற்றரையும் ஒரு மணித்தியாலம் சோதிப்பது ஆகிய மூன்றும் நடந்திருந்தால் நவம்பர்ப் பட்டியல் 330 பவுண் ஆகியிராது.

மீற்றர் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: மலிவு நேரம் குளிர்காலத்திலும் கோடையிலும், இன்புற் அளவுகள் வானிலைப்படி, படுக்கமுன் அவுட்புற் 1, பூஸ்ற் நிறுத்தம். எழுதியவர் மனைவி. மேல்மாடிப் பெண்ணும் அதைப் படமெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.